கோபுரமும் நாற்காலியும்: ஊராட்சிச் சின்னங்கள் யாருக்குச் சொந்தம்?

விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டத்தில் உள்ள மல்லாங்கிணறு ஒரு பேரூராட்சி. அதைச் சுற்றிலும் கரிசல் காடுகள், மழை பெய்தால் மட்டும் நிறையும் கண்மாய்கள், அவற்றின் உட்பரப்பை ஆக்கிரமித்த சீமைக் கருவேலம். இவ்வறண்ட நிலத்தின் எந்த ஊருக்குச் சென்றாலும், உள்ளாட்சி அலுவலகத்தை அடையாளம் காண்பது எளிது. பெயர்ப்பலகையில் ஒரு கோபுரம், கோபுரத்தின் முன் சிங்கத் தூண், அதன் இருபுறமும் தேசியக்கொடி, அடியில் ‘வாய்மையே வெல்லும்’ என்னும் வாசகம். நம் ஊர்களுக்குத் தனிச் சின்னம் கிடையாது. மாநில அரசின் சின்னமே கடைக்கோடி ஊராட்சி மன்றத்தின் சின்னமாகவும் நிற்கிறது.

அச்சின்னத்தில் என்னென்ன உள்ளன, அவை எங்கிருந்து வந்தன, அச்சின்னத்தின் கீழ் நாற்காலி இட்டு அமரும் உரிமை நடைமுறையில் யாருக்குக் கிட்டியது என்பவற்றை இக்கட்டுரையில் தொகுத்துப் பார்க்கிறோம்.

சின்னம் என்றால் என்ன?

ஐரோப்பாவில் மரபுச்சின்னம் போர்க்களத்தில் பிறந்தது. முகத்தை மூடிய கவசத்துக்குள் இருப்பவர் யார் என்று காட்டுவதற்காகக் கேடயத்தில் வண்ணமும் விலங்கும் தீட்டப்பட்டன. பின்னர் அது குடும்பப் பெருமையாகவும் நிலவுடைமையின் முத்திரையாகவும் மாறியது. 1484இல் நிறுவப்பட்ட இங்கிலாந்தின் சின்னக் கல்லூரி இன்றும் நகர மன்றங்களுக்கும் சிற்றூர் மன்றங்களுக்கும் முறைப்படி சின்னம் வழங்குகிறது. அங்கே ஒரு சிற்றூர் மன்றத்தின் கேடயத்தில் அவ்வூரின் ஆற்றையோ ஆலையையோ காண முடியும்.

தமிழ் மரபுக்கும் இது புதிதன்று. பாண்டியர்க்கு மீனும் வேம்பும், சோழர்க்குப் புலியும் ஆத்தியும், சேரர்க்கு வில்லும் பனையும் என்று கொடியும் மாலையும் வகுக்கப்பட்டிருந்தன. முத்திரையை ‘இலச்சினை’ என்றனர். ‘விருது’ என்னும் சொல்லுக்கும் வெற்றிக்கொடி, பட்டச் சின்னம் என்ற பொருள்கள் உண்டு. விருதுநகரின் பழைய பெயர் விருதுபட்டி. 1923இல் அது விருதுநகர் ஆயிற்று. விருதுகளைத் தாங்கி வந்த வீரன் ஒருவனை இவ்வூரார் வென்றதால் அப்பெயர் ஏற்பட்டது என்பது வாய்மொழி வழக்கு. மாவட்டத்தின் பெயரிலேயே ஒரு சின்னத்தின் கதை இருக்கிறது.

இவ்விரு மரபுகளுக்கும் பொதுவான ஒன்றுண்டு. சின்னம் தாங்கியவர் இருந்தார். தாங்கும் உரிமை மறுக்கப்பட்டவரும் இருந்தார். குடை, பல்லக்கு, செருப்பு, மேலாடை, கொடி ஆகியவற்றை யார் பயன்படுத்தலாம் என்று சாதி வகுத்த விதிகள் நம் நாட்டின் எழுதப்படாத சின்னச் சட்டமாகவே இயங்கின.

கோபுரம்

சென்னை மாகாண அரசுக்காக 1949இல் இச்சின்னத்தை வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். அதில் உள்ள கோபுரம் எந்த ஊர்க் கோபுரம் என்பதில் இரு கருத்துகள் உள்ளன. இம்மாவட்டத்தின் திருவில்லிபுத்தூர் இராசகோபுரம் என்பதே பரவலான நம்பிக்கை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தையே ஓவியர் மாதிரியாகக் கொண்டார் என்பது மற்றொரு கருத்து. எந்தக் கருத்தை ஏற்றாலும், மல்லாங்கிணற்றிலிருந்து பேருந்தில் ஓரிரு மணி நேரத்தில் சென்று காணக்கூடிய கோபுரம்தான் அது.

எந்தக் கோபுரம் என்பதைக் காட்டிலும், அதன் வாயில் எப்போது திறந்தது என்பதே நமக்கு முதன்மையான கேள்வி. 1939 சூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் பி. கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். அதுவரை தாழ்த்தப்பட்ட மக்கள் அக்கோபுரத்தை வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. அந்நுழைவை ஒட்டி அதே ஆண்டில் இழப்பீட்டுப் பாதுகாப்புடன் கூடிய ஒரு சட்டம் வந்தது. மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவு உரிமைச் சட்டம் 1947இல் இயற்றப்பட்டது. ஆக, சட்டப்படி அனைவருக்கும் கதவு திறந்த இரண்டே ஆண்டுகளில் கோபுரம் அனைவருக்குமான சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

இவ்வட்டாரத்தில் அக்கதவின் வரலாறு இன்னும் கசப்பானது. 1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தார் நுழைந்து வழிபட்டனர். இராமநாதபுரம் சேதுபதி அவர்கள்மீது வழக்குத் தொடர்ந்தார். அவ்வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. இடையே 1899இல் சிவகாசிக் கலவரம் நடந்தது. பொருள் வளமும் கல்வியும் பெற்றுவந்த ஒரு சமூகத்துக்கே பேரரசின் உச்ச நீதிமன்றம் கோயில் வாயிலை அடைத்தது என்றால், வரிசையின் கடைசியில் நிறுத்தப்பட்டிருந்த பறையர், பள்ளர், அருந்ததியர் நிலையை விளக்கத் தேவையில்லை.

கோபுரம் சமயச் சின்னம் அன்று, அது கட்டடக்கலையின் சின்னம் என்று அரசுச் சின்னத்துக்கு ஆதரவாகச் சொல்வதுண்டு. அவ்வாதத்தை முழுவதுமாகத் தள்ள வேண்டியதில்லை. கல் சுமந்தவர்களும் சுதை பிசைந்தவர்களும் இல்லாமல் எந்தக் கோபுரமும் எழவில்லை. உழைப்பின் சின்னம் என்று எடுத்துக்கொண்டால் கோபுரத்தின்மீது நமக்குள்ள உரிமை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஆனால் அவ்வுழைப்பாளிகளின் வழித்தோன்றல்கள் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவ்வாதம் நேர்மையானதாகும்.

சிங்கத் தூண்

கோபுரத்தின் முன்னே நிற்பது அசோகர் சாரநாத்தில் நிறுவிய தூணின் தலைப்பகுதி. முதுகோடு முதுகு சேர்ந்த நான்கு சிங்கங்களில் படத்தில் மூன்றே தெரியும். அடியிலுள்ள பட்டையில் அறச்சக்கரங்களும், அவற்றுக்கிடையே யானை, குதிரை, எருது, சிங்கம் ஆகியனவும் செதுக்கப்பட்டுள்ளன. 1950 சனவரி 26 அன்று இது இந்தியக் குடியரசின் சின்னமாயிற்று.

சாரநாத் என்பது புத்தர் முதல் அறவுரை நிகழ்த்திய இடம். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்ற மரபின் முத்திரை இது. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரும், 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பல இலட்சம் மக்களுடன் பௌத்தம் தழுவிய அண்ணல் அம்பேத்கரும் மீட்டெடுத்த மரபு அது. எனவே தமிழ்நாட்டு அரசின் சின்னத்தில் இரு வேறு நினைவுகள் ஒன்றன்முன் ஒன்றாக நிற்கின்றன: பின்னால், நெடுங்காலம் மூடிக்கிடந்த வாயில், முன்னால், வாயிலே வைக்காத அறம். வரைந்தவர் அப்படி எண்ணியிருக்க வேண்டியதில்லை. படிக்கும் உரிமை நம்முடையது.

வாசகம்

தொடக்கத்தில் இச்சின்னத்தில் இருந்தது முண்டக உபநிடதத்திலிருந்து எடுக்கப்பட்ட ‘சத்யமேவ ஜெயதே’ என்னும் வடமொழித் தொடர். 1967இல் திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சிக்கு வந்த பின்னர் அது ‘வாய்மையே வெல்லும்’ என்று தமிழாயிற்று. 1969 சனவரியில் மாநிலத்தின் பெயரும் தமிழ்நாடு என்று மாறியது. சின்னம் கல்வெட்டைப் போல நிலையானது, அதில் கைவைக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு இதுவே விடை. அரசியல் விருப்பம் இருந்தால் சின்னம் மாறும்.

1997: பேருந்தின் நெற்றியில் ஒரு பெயர்

சின்னத்துக்காக இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் 1997ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். அக்காலத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு மன்னர்கள், புலவர்கள், தலைவர்கள் பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. மாவட்டங்களும் அவ்வாறே. இன்றைய விருதுநகர் மாவட்டம் காமராசர் பெயரிலும், சிவகங்கை மாவட்டம் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரிலும் இயங்கின. இவ்வரிசையில் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கவிருந்த புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்ட அரசு முடிவு செய்தது. சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் படைத்தலைவர், கவர்னகிரியில் பிறந்து 1799இல் ஆங்கிலேயரை எதிர்த்து மாண்டவர், தேவேந்திரகுல வேளாளர்.

அப்பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினர். தென்மாவட்டங்களில் மோதல்கள் வெடித்தன, உயிர்கள் பறிபோயின. இறுதியில் 1997 சூலையில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் அனைத்திலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆயிற்று.

இதை நடுநிலை என்று பலர் எழுதினர். நம் பார்வையில் நிகழ்ந்தது வேறு. கட்டபொம்மன் பெயரில் பேருந்து ஓடியபோது எவருக்கும் இடையூறு இல்லை. கட்டபொம்மனுக்காக உயிர்விட்ட படைத்தலைவரின் பெயர் வந்தபோதுதான் பெயர் வைக்கும் வழக்கமே குற்றமாகிப்போனது. தாழ்த்தப்பட்ட ஒருவரின் பெயர் பொதுச் சின்னமாவதைத் தடுக்க, எல்லாப் பெயர்களையும் இழக்கவும் சமூகம் ஒப்புக்கொண்டது.

அதே நாள்களில்தான், 1997 சூன் 30 அன்று, மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி மன்றத் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்த ஐவரும் கொல்லப்பட்டனர். தனித்தொகுதியாக அறிவிக்கப்பட்ட ஊராட்சியில் தேர்தலில் வென்று தலைவரானதே அவர் செய்த ‘குற்றம்’. மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்று திரும்பிக்கொண்டிருந்தபோது பேருந்திலேயே அவர்கள் வழிமறிக்கப்பட்டனர்.

முத்திரை, நாற்காலி, கொடி

ஊராட்சித் தலைவரின் அதிகாரத்தைக் காட்டும் பொருள்கள் நான்கு: பெயர்ப்பலகை, வட்ட முத்திரை, நாற்காலி, தேசியக்கொடி. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 நடைமுறைக்கு வந்து, 1996இல் தேர்தல் நடந்த நாள்முதல் இந்நான்கும் தாழ்த்தப்பட்ட தலைவர்களுக்கு மறுக்கப்பட்டுவந்த வரலாறு நீளமானது.

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்து ஆண்டுகள் முறையான தலைவரே இல்லை. தனித்தொகுதியை ஏற்க மறுத்து வேட்பு மனுத் தாக்கலைத் தடுத்தனர். அல்லது தங்கள் சொற்படி நடக்கும் ஒருவரை வெற்றிபெறச் செய்து உடனே பதவி விலக வைத்தனர். 2006 அக்டோபரில்தான் அங்கே தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றனர். கொட்டக்கச்சியேந்தல் இம்மாவட்டத்து ஊர். ஏந்தல் என்றால் மழைநீரை ஏந்தி நிற்கும் சிறு நீர்நிலை. நீரை ஏந்திய ஊர் பத்தாண்டுகள் ஒரு தலைவரை ஏற்க மறுத்தது.

2020 ஆகஸ்டு 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பெண் தலைவர் கொடியேற்றத் தடுக்கப்பட்டார். செய்தி வெளியான பின், சில நாள்கள் கழித்து மாவட்ட ஆட்சியரின் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருக்கும் படம் வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தனர். 2022 ஆகஸ்டில், தாழ்த்தப்பட்ட தலைவர்கள் கொடியேற்றுவதை எவரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுமாறு தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுத வேண்டியிருந்தது. விடுதலையின் 75 ஆண்டுகள் நிறைவுற்ற நேரத்தில் எழுதப்பட்ட கடிதம் அது.

முத்திரையின் கதை நுட்பமானது. அது பெரும்பாலும் படத்தில் சிக்காது. ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் கூட்டாகக் கையொப்பமிட வேண்டும். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் ஆதிக்கச் சாதியினராக இருக்கும் ஊரில், துணைத்தலைவர் கையொப்பத்தை நிறுத்திவைத்தாலே குடிநீர்க் குழாய் முதல் தெருவிளக்கு வரை அனைத்தும் நிற்கும். ‘தலைவர் செயல்படவில்லை’ என்ற பழி மட்டும் தலைவர்மீது விழும். முத்திரையும் தீர்மானப் புத்தகமும் வேறொருவர் வீட்டில் இருக்கும் ஊர்களில், சுவரிலுள்ள கோபுரச் சின்னத்தின் கீழ் நடப்பது பழைய ஊர் நாட்டாண்மைதான்.

சாதியின் வண்ணங்கள்

அரசுச் சின்னம் ஒருபுறம் இருக்க, தென்மாவட்டங்களில் மற்றொரு சின்னமரபும் இயங்குகிறது. மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு, சட்டைக்குள் பதக்கம், நெற்றிப் பொட்டு, ஊர் எல்லையில் கொடிக்கம்பம், மின்கம்பத்தில் பூசிய இரட்டை வண்ணம். முகக்கவசத்துக்குள் இருப்பவர் யார் என்று காட்டத்தான் ஐரோப்பாவில் கேடயத்துக்கு வண்ணம் தீட்டினர். இங்கே பள்ளிச் சீருடைக்குள் இருக்கும் சிறுவன் யார் என்று காட்ட வண்ணக் கயிறு பயன்படுகிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன்படித்த மாணவர்களால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 சூனில் அக்குழு அளித்த அறிக்கை, மாணவர்கள் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றை அணிவதைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. ‘கையில் கட்டும் கயிற்றில் என்ன இருக்கிறது’ என்று கேட்டவர்கள், பேருந்தில் எழுதும் பெயரில் எல்லாம் இருப்பதாக 1997இல் நடந்துகொண்ட சமூகத்தினரே.

தென்னாப்பிரிக்கா சொல்லும் பாடம்

ஒடுக்குமுறை அரசின் சின்னத்தை மாற்றிய நாடு ஒன்றை நாம் அறிவோம். தென்னாப்பிரிக்கா 1910 முதல் பயன்படுத்திய சின்னத்தைக் கைவிட்டு, 2000 ஏப்ரல் 27 அன்று புதிய சின்னத்தை ஏற்றது. கேடயத்தின் நடுவில் இருக்கும் இரு மனித உருவங்கள், அம்மண்ணின் மிகப் பழைய குடிகளான சான் மக்களின் பாறை ஓவியத்திலிருந்து எடுக்கப்பட்டவை. ஒருவரையொருவர் வாழ்த்தி எதிரெதிரே நிற்கின்றன. வேறுபட்ட மக்கள் ஒன்றிணைக என்று பொருள்படும் வாசகம், பேசுவோரே இல்லாமல் அழிந்துபோன ஒரு சான் மொழியில் எழுதப்பட்டுள்ளது. மிகக் கூடுதலாக இழந்தவர்களின் மொழிக்கே அவர்கள் அவ்விடத்தை அளித்தனர்.

சின்னம் மாறியதால் அங்கே நிலம் பகிர்ந்தளிக்கப்பட்டுவிடவில்லை, வறுமையும் தீரவில்லை. ஆயினும் யாருடைய நாடு என்று பள்ளிக் குழந்தை கேட்டால் சுட்டிக்காட்ட ஒரு படம் கிடைத்தது.

சட்டம் தரும் கருவிகள்

களத்தில் இருப்போர் மூன்று சட்டங்களை அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, சின்னங்கள் மற்றும் பெயர்கள் (முறையற்ற பயன்பாட்டுத் தடுப்பு) சட்டம், 1950. மத்திய, மாநில அரசுகளின் சின்னத்தையும் முத்திரையையும் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவதை இது தடுக்கிறது. இந்திய அரசின் சின்னத்துக்கு 2005இல் தனிச் சட்டமும் வந்தது.

இரண்டாவது, அரசமைப்புச் சட்டத்தின் 243-ஈ பிரிவு. ஊராட்சி உறுப்பினர், தலைவர் பதவிகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கான இடஒதுக்கீட்டுக்கு இதுவே அடிப்படை. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் இதைத் தந்தது.

மூன்றாவதே முதன்மையானது: 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015இல் திருத்தப்பட்டு 2016 சனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள வடிவில், அதன் 3(1)(எம்) பிரிவு ஊராட்சி அல்லது நகராட்சியில் பொறுப்பு வகிக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினரை வற்புறுத்தியோ அச்சுறுத்தியோ தடுத்தோ அவர்தம் வழக்கமான கடமையைச் செய்யவிடாமல் ஆக்குவதைக் குற்றம் என்கிறது. வாக்களிப்பதையும் வேட்புமனு அளிப்பதையும் தடுப்பது இதற்கு முந்தைய உட்பிரிவில் அடங்கும். தலைவரை நாற்காலியில் அமரவிடாமல் தடுப்பதையும் கொடியேற்றவிடாமல் மறிப்பதையும் ‘ஊர்ப் பிரச்சினை’ என்று சமரசம் பேசி முடிக்க முயலும்போது, இப்பிரிவைப் பெயர் சொல்லிப் புகாரில் எழுத வேண்டும். முத்திரையையும் தீர்மானப் புத்தகத்தையும் தராமல் வைத்திருப்பதையும் அவ்வாறே நாள், நேரம், உடனிருந்தோர் விவரத்துடன் பதிவு செய்ய வேண்டும்.

ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சிற்றூர் ஊராட்சிகளில் யார் கொடியேற்றுகிறார், யார் எங்கே அமர்கிறார், கூட்டம் எந்தத் தெருவில் நடக்கிறது என்ற மூன்றை மட்டும் கல்லூரி மாணவர்கள் தம் ஊரில் குறித்துவந்தாலே நாளை வழக்குக்கும் ஆய்வுக்கும் உதவும் ஆவணம் உருவாகும்.

மல்லாங்கிணற்றுக்கு ஒரு சின்னம்

இங்கிலாந்தின் சிற்றூரைப் போல மல்லாங்கிணற்றுக்கும் தனிச் சின்னம் வரைவதென்றால் எதை வரைவது? ஊர்ப் பெயரே விடை சொல்கிறது: கிணறு. வறண்ட நிலத்தில் கிணற்றைக் காட்டிலும் பொருத்தமான சின்னம் இருக்க முடியாது.

ஆனால் கிணற்றை வரையும்போது நமக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். 1927 மார்ச் 20 அன்று மகாடு நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் நீரள்ளிப் பருகியது, நீர் யாருக்கும் மறுக்கப்படக் கூடாது என்று நிலைநாட்டுவதற்காக. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்கள் பயன்படுத்திய குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே 95 ஆண்டுகள். ஆகவே கிணற்றை மட்டும் வரைந்தால் போதாது. அதன் வாயில் எத்தனை கயிறுகள் இறங்குகின்றன, யாருடைய வாளி உள்ளே செல்கிறது என்பதையும் வரைய வேண்டும்.

நம் ஊராட்சிகளுக்குப் புதிய சின்னம் கேட்பது நம் முதல் கோரிக்கையன்று. இருக்கும் சின்னத்தின் கீழ், சட்டம் தந்த நாற்காலியில், தேர்ந்தெடுக்கப்பட்டவர் அமர வேண்டும். முத்திரை அவர் மேசையில் இருக்க வேண்டும். கொடிக்கயிறு அவர் கையில் இருக்க வேண்டும். அலுவலகச் சுவரில் இதுவரை பணியாற்றிய தலைவர்களின் பெயர்ப்பட்டியல் எழுதப்படும் ஊர்களில், அவர் பெயரும் மற்றவர்கள் பெயருக்கு நிகரான எழுத்தில் எழுதப்பட வேண்டும். இவை நிறைவேறாத ஊராட்சியில் ‘வாய்மையே வெல்லும்’ என்பது சுவரில் எழுதப்பட்ட நிறைவேறாத வாக்குறுதி. அதை நிறைவேற்றச் சொல்லி ஒவ்வொரு கிராம சபையிலும் எழுந்து கேட்கும் கடமை நமக்கு உண்டு.